ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

2004 அக்டோபர் 12, செவ்வாய்க்கிழமை. சாக்விட்ஸ் என்ற மலையூரின் கத்தோலிக்கக் கோயில் பங்கு நடத்தும் சமாதானத் திட்டத்துக்கு அன்றோடு மூன்று வருடம் இரண்டு மாதம். அதை நடத்திவந்த ஹசிந்தா லாய்னெஸுக்கு வயது முப்பத்தாறு. அவள் கையெழுத்தில் இருந்த வருகைப் பட்டியல்கள் நூற்று அறுபது. அவற்றில் பாதி பொய்.

அது பொய் என்று அவளுக்கும் இன்னும் முப்பத்துமூன்று பெண்களுக்கும் மட்டும்தான் தெரியும். அதைச் சரிபார்க்க ஒருத்தி வந்து இறங்கியிருந்தாள்.

வந்தவள் பெயர் கிர்ஸ்தன். ஐம்பது வயது, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தோளில் ஒரு துணிப்பை. திட்டத்துக்குப் பணம் கொடுத்த வட ஐரோப்பியத் தேவாலயக் கூட்டமைப்பு அவளை அனுப்பியிருந்தது. கொடுத்த பணத்தில் சமாதானம் வந்ததா இல்லையா என்று நான்கு நாளில் பார்த்து, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சொல்லவேண்டும். ஸ்பானிஷ் நன்றாகப் பேசினாள். ஊர்ப் பெண்கள் பேசும் இஷில் மொழியை மொழிபெயர்க்க ஹசிந்தாதான்.

ஹசிந்தாவுக்கு அவளைக் கண்டு பயமில்லை. அவளை ஏற்றிவந்த சிவப்பு பிக்கப்பைக் கண்டுதான் பயம். ஓட்டிவந்தவன் நேரி கோபோ. மலைப்பாதையில் ஏறக்கூடிய வண்டி அவனிடம்தான் இருக்கிறது என்று ஆயர் இருக்கும் மறைமாவட்ட ஊரின் பஸ் நிலையத்தில் கிர்ஸ்தனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய சித்தப்பா, ஊர் மரியாதையாகத் 'தோன்' போட்டு அழைக்கும் பெனிதோ கோபோ.

போர்க் காலத்தில் ராணுவம் ஊருக்கு ஊர் ஊர்க்காவல் படை அமைத்தபோது, சாக்விட்ஸில் பதினோரு வருடம் அதற்குத் தலைவராக இருந்தவர் தோன் பெனிதோ. சமாதானம் கையெழுத்தான பிறகு எழுதுபொருள் கடை வைத்தார். ஊரில் ஒரே ஜெராக்ஸ் மெஷின், ஒரே ஃபேக்ஸ் மெஷின் அங்கேதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை பங்குக்கோயில் மண்டபத்தில் நடக்கும் சமாதான வட்டத்துக்குத் தவறாமல் வந்து முதல் பெஞ்சில் உட்காருவார். விதவைகளும் முன்னாள் காவல்படையினரும் ஒரே கூரையின் கீழ் உட்காருவதுதான் திட்டத்தின் பெருமை. வருடாந்திர அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர் ஒரு விதவைக்குக் கைகொடுக்கும் படம் இருக்கிறது.

விருந்தாளிக்காக வியாழன் வட்டத்தைச் செவ்வாய்க்கே மாற்றியிருந்தார்கள். கிர்ஸ்தன் மேசையில் ஐந்து அட்டைகளைப் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். வாய் நிறையச் சிரிப்பதில் தொடங்கி, கண்ணீர் விட்டு அழுவதில் முடியும்.

"இந்த மூணு வருஷத்துல உங்க மனசுல பயம் எப்படி இருக்கு? ஒவ்வொருத்தரா வந்து, உங்களுக்குப் பொருந்துற முகத்தைத் தொட்டுக் காட்டுங்க" என்றாள்.

ஹசிந்தா மொழிபெயர்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பெஞ்சிலிருந்து பாபியானா குரல் கொடுத்தாள். சந்தையில் கீரையும் இலையும் விற்கும் விதவை, வாய்க்குப் பூட்டு கிடையாது.

"ஏண்டி ஹசிந்தா, தோன் பெனிதோ எந்த மூஞ்சியத் தொடப்போறாரு? அவரு தொட்டுட்டா எங்களுக்கு யோசிக்கிற வேலை மிச்சம்."

மண்டபம் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் தோன் பெனிதோதான்.

"என்ன சொன்னாங்க?" என்று கிர்ஸ்தன் கேட்டாள்.

"பெரியவர் தொடங்கிவைக்கட்டும்னு மரியாதையாச் சொல்றாங்க."

தோன் பெனிதோ எழுந்து தொப்பியைக் கழற்றி, வாய் நிறையச் சிரிக்கும் முகத்தைத் தொட்டார். அடுத்து ஒவ்வொருவராக வந்து அதே முகத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பாபியானாவும்தான். வாசல் நிலையில் சாய்ந்து நேரி பார்த்துக்கொண்டிருந்தான். கிர்ஸ்தன் குறித்துக்கொண்டாள்: இருபத்தெட்டுப் பேர், இருபத்தெட்டும் முதல் முகம்.

அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. கிர்ஸ்தன் கோயிலுக்குள் ஒதுங்கினாள். இடப்பக்கச் சுவர் முழுக்க உள்ளங்கை அளவு மரச் சிலுவைகள். போரில் செத்தவர்களுக்கு ஆளுக்கொன்று. குழி தெரியாதவர்களுக்கு அதுதான் கல்லறை. ஒவ்வொன்றிலும் பெயரும் வருடமும் பெயிண்டில் எழுதியிருக்கும். மழை நிற்க இரண்டு மணி நேரம் ஆனது. அவள் படித்துக்கொண்டே நடந்தாள். பையில் திட்டத்தின் வருகைப் பட்டியல் நகல்கள் இருந்தன.

புதன்கிழமை காலை ஹசிந்தாவைப் பங்கு அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. முப்பத்துநான்கு பெயரிலும் பென்சில் குறி.

"இது ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் கூட்டத்தோட பட்டியல். உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"இந்த முப்பத்துநாலு பேரும் சுவர்ல இருக்காங்க. எல்லாரும் செத்துப்போனவங்க."

ஹசிந்தா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் உடைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கதவு விரல் அகலம் திறந்தே நின்றது. தாழ்வாரத்தில் நேரி காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"மெதுவாப் பேசுவோம் மேடம்" என்றாள்.

நடந்தது இதுதான். 2001 ஆகஸ்டில் ஹசிந்தாவின் சமையலறையில், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, பெண்கள் மட்டும் தனியாகக் கூடத் தொடங்கினார்கள். வியாழன் வட்டத்தில் வாய் திறக்காதவர்கள் அங்கே பேசினார்கள். யாரை யார் கூட்டிக்கொண்டு போனது, எந்தக் குழியில் போட்டது என்று மெல்ல மெல்ல வந்தது. குழியைத் தோண்டச் சொல்லி அரசு வழக்கறிஞரிடம் புகார் கொடுப்பது வரை பேச்சு போனது. ஆனால் திட்டத்தின் விதிப்படி ஒவ்வொரு கூட்டத்துக்கும் பட்டியல் வேண்டும். பெயர், அடையாள எண், கைநாட்டு. தாளைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கடைசியில் பாபியானாதான் உட்கார்ந்தாள். "எழுதிக்கோ. மர்செலா கோரியோ" என்றாள். அது அவளுடைய செத்துப்போன தங்கையின் பெயர். அடுத்தவள் தன் நாத்தனார் பெயரைச் சொன்னாள். அதற்கடுத்தவள் தன் அம்மா பெயரை. செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மெழுகுவர்த்தி ஏற்றாமல் அந்த ஊரில் எந்தக் கூட்டமும் தொடங்குவதில்லை. கூப்பிட்டால் அவர்களும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது நம்பிக்கை. அதனால் எழுதியதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. ஹசிந்தாவும் தன் அத்தை பெயரை எழுதினாள். அடையாள எண் கட்டத்தையும் கைநாட்டுக் கட்டத்தையும் மூன்று வருடமாக யாரும் நிரப்பவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

தாளுக்கு அவர்கள் பயந்ததற்கு 1982-இல் காரணம் இருக்கிறது. ஹசிந்தாவின் அப்பா கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த உபதேசியார். கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை அவர்தான் எழுதிவைத்தார், ஐம்பத்தேழு பெயர். அந்த மார்ச் மாதம் ராணுவம் ஊரைச் சந்தைத் திடலில் கூட்டி, அந்தத் தாளிலிருந்தே ஒவ்வொரு பெயராகப் படித்தது. படிக்கப்பட்டவர்கள் யாரும் வீடு திரும்பவில்லை. முதல் பெயர் அப்பாவுடையது. பதினாலு வயது ஹசிந்தாவுக்கு அந்தத் தாளைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தது அவள்தான்.

ஹசிந்தா சொன்னதை முழுதும் கேட்டுவிட்டுக் கிர்ஸ்தன் பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "உண்மையிலேயே முப்பத்துநாலு பேர் வர்றாங்களா?"

"வர்றாங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மேடம்."

"நான் ஞாயிற்றுக்கிழமை வரை இருந்து பார்க்கலாமா?"

"நீங்க என் வீட்டு வாசல்ல கால வச்சா, உள்ள யாரு யாரு போறான்னு ஊரே வாசல்ல நின்னு பாக்கும்."

கிர்ஸ்தன் நெற்றியைத் தேய்த்தாள். "எங்க ஆபீஸ்ல இதைப் பார்த்தா மோசடின்னுதான் சொல்வாங்க. இல்லாத ஆளுங்க பேர்ல பணம் வாங்கினதா. உண்மையான பேரைக் கொடுங்க. அடையாள எண்ணோட. உறைல போட்டு ஒட்டி நானே கையில கொண்டுபோறேன். யார்கிட்டயும் காட்டமாட்டேன்."

"நீங்க காட்டமாட்டீங்க. ஆனா உங்க பை நேரி வண்டியிலதானே போகுது?"

"நேரியா? ரொம்ப நல்ல மனுஷனா இருக்காரே. நேத்து என் பூட்ஸைக்கூடக் கழுவிக் கொடுத்தாரு."

"நல்ல மனுஷன்தான். அவரு சித்தப்பா யாருன்னு கேட்டுப்பாருங்க."

கிர்ஸ்தன் கதவு இடுக்கைப் பார்த்தாள். தாழ்வாரத்தில் காப்பி டம்ளர் மட்டும் இருந்தது.

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. மறைமாவட்ட அலுவலகத்தில் திட்டங்களைக் கவனிக்கும் வக்கீல் அர்ரியோலா. கிர்ஸ்தன் முந்தின நாள் மாலையே பட்டியல் விஷயத்தை அவரிடம் சொல்லியிருந்தாள்.

"ஹசிந்தா, என்னம்மா பண்ணிவச்சிருக்க? ஆயர் மேல கேஸ் வரும் தெரியுமா? சுத்தமா ஒரு பட்டியல் எழுதி இன்னைக்கே ஃபேக்ஸ்ல அனுப்பு."

"சார், ஊர்ல ஃபேக்ஸ் மெஷின் ஒண்ணுதான். யார் கடையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம். பிறகு, "அப்ப ஃபோன்லயே படிச்சுச் சொல்லு. நான் எழுதிக்கிறேன்."

தொலைபேசி இருந்தது தாழ்வாரத்தில், நோட்டீஸ் பலகைக்குக் கீழே. அந்த வழியாகத்தான் பூசைக்கு வருகிறவர்கள், அரிசி வாங்க வருகிறவர்கள், நேரி, எல்லாரும் போய்வந்தார்கள்.

"லைன் சரியில்ல சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். லைன் அன்று நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் செருமல் கேட்டது. தோன் பெனிதோ. கக்கத்தில் ஒரு கட்டு வெள்ளைத்தாள், கடையில் விற்கும் ஐந்நூறு தாள் கட்டு, உறைகூடப் பிரிக்காதது.

"வாங்க தோன் பெனிதோ" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்.

"உக்கார வரல தாயி. ஏதோ பட்டியல் எழுதணுமாமே, மேடம் அவசரப்படுத்துறாங்கன்னு கேள்விப்பட்டேன். தாளில்லாமச் சிரமப்படக் கூடாதேன்னு கொண்டாந்தேன்."

"எதுக்குங்க இவ்ளோ."

"இருக்கட்டும். நிறையப் பேரா இருந்தா?" கட்டை மேசைமேல் வைத்தார். சுற்றிப் பார்த்தார். சுவரோரம் அடுக்கியிருந்த முக்காலிகளை விரலால் தொட்டு எண்ணினார். "பன்னெண்டு, பதிமூணு... புருஷன் காப்பித் தோட்டத்துக்குப் போய் எத்தனை மாசம்?"

"டிசம்பர்ல வந்துருவாரு."

"அப்ப வீட்ல நீயும் ரெண்டு பொண்ணுங்களும்தான். மூணு பேருக்கு எதுக்கு இத்தனை முக்காலி?"

"சொந்தக்காரங்க வருவாங்க."

"வரட்டும், வரட்டும். வீடுன்னா நாலு பேர் வந்து போகணும்." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "உங்கப்பா கையெழுத்து முத்து முத்தா இருக்கும். உனக்கும் அப்படியே வந்திருக்கு. ஒவ்வொரு பேரும் தெளிவாப் படிக்க முடியும்."

அவர் போனபிறகு பெரிய மகள் கேட்டாள்: "அம்மா, சோளமாவு கருகுது. ஏன் அப்படியே நிக்கிற?" ஹசிந்தா சட்டியை இறக்கினாள். தாள் கட்டைத் தொடவில்லை. மேசையில் அது இருந்த இடத்தைச் சுற்றித்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

முப்பத்துமூன்று பெண்களைக் கேட்காமல் முடிவெடுக்க அவளுக்கு உரிமை இல்லை. வீடு வீடாகப் போனால், பார்க்கிறவர்களுக்கு அதுவே பட்டியல். வியாழக்கிழமை சந்தை நாள் என்பது நல்லதாகப் போயிற்று. காலை ஆறு மணிக்குப் பாபியானாவின் சாக்கு விரிப்புக்கு முன்னால் குந்தினாள். சோளமாவை வைத்துச் சுருட்டி வேகவைக்கிற இலை இல்லாமல் அந்த ஊரில் எந்தப் பெண்ணும் சந்தையைவிட்டுத் திரும்புவதில்லை. எல்லாரும் பாபியானாவிடம்தான் வாங்குவார்கள். இரண்டு கட்டு இலை பொறுக்குகிற நேரத்தில் ஹசிந்தா விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"பணம் நின்னா உன் சம்பளம்?" என்று பாபியானா கேட்டாள்.

"நிக்கும்."

"குழி விஷயமா அரசு வக்கீலப் பாத்துட்டு வர பஸ் காசு?"

"அதுவும்தான்."

"சரி போ. பதினோரு மணிக்கு வா. வரும்போது ஒரு இலையத் திருப்பிக் கொண்டா, அழுகல்னு சண்டை போடு."

பதினோரு மணிக்கு ஹசிந்தா வந்து சண்டை போட்டாள். பாபியானா பதிலுக்குக் கத்திக்கொண்டே நடுவில் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இதுக்குப் பேரு அழுகலா? கண்ணுல என்ன கோளாறா உனக்கு? பன்னெண்டு பேரு எழுதிக்கோன்னு சொல்றாங்க. மத்தவளுங்க வேணாங்கறாளுங்க. ஒருத்தி இங்கயே ஒன்னுக்குப் போயிட்டா, பாவம். நான் எழுதிக்கோங்கற கணக்குலதான்."

"பன்னெண்டு போதாதா அக்கா?"

"யோசிச்சுப் பாரு. நாங்க அத்தனை பேரும் அஞ்சு குடும்பத்துக்காரிங்க. ஒருத்திக்கு இன்னொருத்தி மச்சினி, நாத்தனா, ஓரகத்தி. பன்னெண்டு பேரு தெரிஞ்சா மிச்சத்தக் கண்டுபிடிக்க அந்தாளுக்கு ஒரு பொழுது போதும். எழுதினா எல்லாரும். இல்லன்னா யாரும் இல்ல."

ஹசிந்தா இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "ஒருத்தி பேரை மட்டும் எழுதறேன்."

"யாரோடது?"

"என் வீட்ல முக்காலி எத்தனைன்னு அவர் எண்ணிட்டுப் போயிட்டாரு. என் பேரை எழுதினா அவருக்குப் புதுசா என்ன தெரியப்போகுது?"

"அப்ப எல்லாம் உன் ஒருத்தி தலையிலதானேடி விழும்?"

"விழத்தான் செய்யும்."

பாபியானா வேறு இலைக் கட்டை எடுத்து அவள் கூடையில் திணித்தாள். "எடுத்துட்டுப் போடி. காசு வேணாம், தொலை" என்று சந்தைக்கே கேட்கிறமாதிரி கத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. ஹசிந்தா மகளின் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கிர்ஸ்தனிடம் கொடுத்தாள். ஹசிந்தா லாய்னெஸ், அடையாள எண், வலது கட்டைவிரல் ரேகை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"ஒரு பேருதான் இருக்கு."

"ஆமா மேடம். மத்த முப்பத்துமூணும் சுவர்ல இருக்கறபடியே இருக்கட்டும்."

"இதை வச்சுக்கிட்டு நான் என்ன எழுத முடியும்னு உங்களுக்குத் தெரியும்ல? 'சரிபார்க்க இயலவில்லை'. அவ்வளவுதான். நீங்க சொன்னதை நான் நம்பறேன். நம்பறதை எழுத அந்தப் படிவத்துல இடம் கிடையாது."

"தெரியும் மேடம்."

கிர்ஸ்தன் பையிலிருந்து ஐந்து அட்டைகளையும் எடுத்தாள். இருவருக்கும் நடுவே வரிசையாக வைத்தாள். "செவ்வாய்க்கிழமை எல்லாரும் முதல் முகத்தைத் தொட்டீங்க. இப்ப யாரும் இல்ல. நீங்க மட்டும் தொடுங்க."

ஹசிந்தா ஐந்தையும் பார்த்தாள். அழுகிற முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.

"நாங்க எப்பவும் வச்சிருக்கிற மூஞ்சி இதுல இல்ல மேடம். பயந்துக்கிட்டு, ஆனா பயந்தது தெரியாம இருக்கிறது."

கிர்ஸ்தன் அட்டைகளைச் சேர்த்தாள். செத்தவர்களின் பெயரை வைத்தே உயிரோடிருக்கும் உறவுக்காரிகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவளுக்கும் புரிந்திருந்தது. ஞாயிறுப் பட்டியல் நகல்களையும், அவற்றில் தான் போட்ட பென்சில் குறிகளையும், ஹசிந்தா பார்த்திருக்கும்போதே அலுவலக அடுப்பில் போட்டாள். நேரிக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் போனாள். ஹசிந்தாவின் ஒற்றைத் தாளைச் சட்டைக்குள் வைத்திருந்தாள். நேரி ஊரைவிட்டுப் போகவில்லை. சிவப்பு பிக்கப் அன்று மதியம் முதல் ஹசிந்தாவின் வீட்டுக்கு எதிரே, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றது. சில நாள் அதில் ஆள் இருந்தது, சில நாள் இல்லை. மகள்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்வாசல் வழியாகப் போகப் பழகிக்கொண்டார்கள்.

மதிப்பீட்டு அறிக்கை நவம்பரில் வந்தது. வியாழன் வட்டத்துக்கு நல்ல மதிப்பெண். பயம் குறைந்தவர்கள் நூறு சதவீதம் என்ற வரிக்கு அடியில், இந்த எண்ணைத் தான் நம்பவில்லை என்று கிர்ஸ்தன் குறிப்பு எழுதியிருந்தாள். பெண்கள் கூட்டத்துக்கு: "சரிபார்க்க முடிந்த பங்கேற்பாளர் ஒருவர்." டிசம்பர் 31-ஆம் தேதி பணம் நின்றது. அர்ரியோலா அதற்குப் பிறகு ஃபோன் செய்யவில்லை.

கணவன் காப்பித் தோட்டத்திலிருந்து வந்ததும் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான். கதவுக்கு இரட்டைத் தாழ் போட்டான். "வேற எங்கயாவது போயிரலாமா?" என்று இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் அவள் வேண்டாம் என்றாள்.

குழியைத் தோண்டக் கேட்கும் புகாருக்குக் குறைந்தது ஒரு பெயராவது வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்று வருடமாக அந்த இடம் காலியாகக் கிடந்தது. ஜனவரி இரண்டாம் வாரம் ஹசிந்தா அதில் தன் பெயரை எழுதினாள். ஒரு தாளில் போய்விட்ட பெயர், இன்னொன்றிலும் போகட்டும் என்று பாபியானாவிடம் சொன்னாள். பெண்கள் இப்போது கூடுவது அவள் சமையலறையில் இல்லை. எங்கே என்று எந்தத் தாளிலும் கிடையாது.

அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வாக்குமூலம் கொடுக்க அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. 2005 பிப்ரவரி 7, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. சாக்விட்ஸிலிருந்து பஸ் விடியற்காலை நாலரைக்குப் புறப்படும்.